ராத்திரியில் மட்டும் விட்டு விட்டு வரும் கேமரா

பகலெல்லாம் படம் பளிச்சென்று இருக்கும். ஆறரை மணிக்கு இருட்டத் தொடங்கியதும் கேட் பக்கத்துக் கேமரா மட்டும் அணையும், ஒரு நிமிடத்தில் திரும்ப வரும், மறுபடி அணையும். கேமராவை மாற்றிப் பார்ப்பார்கள். புதியதும் அதையேதான் செய்யும். சிசிடிவி வேலை செய்பவர்களுக்குப் பழகிப்போன புகார் இது. பழுது பெரும்பாலும் கேமராவில் இருப்பதில்லை, அதுவரை போகும் கேபிளில் இருக்கிறது.

நடப்பது என்னவென்றால், இருட்டியதும் கேமராவுக்குள், இருட்டில் படம் எடுக்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் சுமார் 0.15 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்த 5 வாட் புல்லட் கேமரா இப்போது 0.4 ஆம்பியர் கேட்கும். அனலாக் கேமராவுக்குப் போடும் 3+1 கேபிளில், அதாவது படம் போகும் கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை) ஒன்றும் மூன்று மெல்லிய கம்பிகளும் சேர்ந்த கேபிளில், கரன்ட் கொண்டுபோகும் கம்பி, விலை குறைந்த ரகங்களில், 0.2 சதுர மிமீ கூட இருப்பதில்லை. 0.2 என்றே வைத்துக்கொள்வோம். கேமரா 40 மீட்டர் தள்ளி இருந்தால் போக 40, வர 40, ஆக 80 மீட்டர் கம்பி. ஒரு மீட்டர் நீளம், 1 சதுர மிமீ செம்புக்குத் தடை 0.0172 ஓம். ஆகக் கணக்கு 80 × 0.0172 ÷ 0.2, ஏறக்குறைய 6.9 ஓம். பகலில் 1 வோல்ட் குறையும், 12-க்கு 11 போய்ச் சேரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ராத்திரி 2.75 வோல்ட் குறைந்து 9.25 மட்டும் கிடைக்கும். பல கேமராக்களின் ஸ்பெக் ஷீட்டில் 12 வோல்ட், 25 சதவீதம் கூடவோ குறையவோ என்று இருக்கும். அதாவது 9 வோல்ட்தான் அடிமட்டம். செம்பு என்றால் தப்பித்துவிடும்.

அதே கேபிள் செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால், அதாவது சிசிஏ என்றால், மின்தடை ஒன்றரை மடங்கு. 10.3 ஓம். பகலில் 10.4 வோல்ட் வரும், ஓடும். ராத்திரி 7.9 வோல்ட்டுக்கு இறங்கும். கேமரா அணையும். அணைந்ததும் ஐஆர் போகும், சுமை குறையும், வோல்ட் ஏறும், கேமரா மறுபடி பூட் ஆகும், ஐஆர் எரியும், அணையும். விடிகிற வரைக்கும் இதே கதை. கேமராவை ஆராய்வதற்கு முன் ராத்திரியில், ஐஆர் எரியும்போது, கேமரா முனையில் டிசி பின்னில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கரன்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை பக்கத்தில் அளந்து 12 வருகிறது என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. சிலர் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி 13, 13.5-க்கு ஏற்றிவிடுவார்கள். தூரத்துக் கேமரா பிழைக்கும், ஆனால் பக்கத்தில் இருக்கும் கேமராவுக்கும் அதே வோல்ட்தான் போகும். அன்றைக்கு ராத்திரியை ஓட்ட உதவும், அவ்வளவுதான்.

அனலாக் இல்லாமல் நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமராவுக்கு லேன் கேபிள், உள்ளே நான்கு ஜோடி முறுக்கிய கம்பிகள். கேட்5இ, கேட்6 எல்லாம் அதன் ரகங்கள். கேமரா கேபிள் என்றதும் எல்லோரும் கேட்பது வேகம். கேட்5இ போதுமா, கேட்6 போடலாமா, கேட்6ஏ வந்துவிட்டதாமே! 4 மெகாபிக்சல் கேமரா எச்.265 சுருக்க முறையில் அனுப்பும் படம் நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட். வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் போர்ட்டே 100 மெகாபிட்தான். கேட்5இ அதைத் தூங்கிக்கொண்டே சுமக்கும். கேட்6-ஐ நான் சொல்வது வேகத்துக்காக அல்ல, கம்பி தடிப்பு என்பதற்காக. நல்ல கேட்6-இல் கம்பி 23 ஏடபிள்யூஜி, 0.57 மிமீ. கேட்5இ-யில் 24 ஏடபிள்யூஜி, 0.51 மிமீ. ஏடபிள்யூஜி என்பது கம்பித் தடிமனுக்கான அளவு, எண் ஏற ஏறக் கம்பி மெலியும். ஒரு கிலோமீட்டருக்கு முதலாவது சுமார் 67 ஓம், இரண்டாவது 84 ஓம். போலி கேட்6-ஐவிட நல்ல செம்புக் கேட்5இ எவ்வளவோ மேல்.

புதிதாகப் போடுபவர்கள் ஐபி கேமராவும் பிஓஇ-யும் (லேன் கேபிளிலேயே கரன்ட்டையும் அனுப்பும் முறை) எடுப்பதே நல்லது என்பதற்கும் காரணம் இந்த வோல்ட் கணக்குதான். அதே 5 வாட் கேமரா, 90 மீட்டர் கேட்5இ. இரண்டு ஜோடிகளில் கரன்ட் அனுப்பினால் போய்வரும் தடை 7.6 ஓம். 12 வோல்ட்டில் அனுப்பினால் 3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், கேமரா 9-க்குக் கீழே தடுமாறும். பிஓஇ 48 வோல்ட்டில் அனுப்புகிறது. 0.1 ஆம்பியர் போதும், குறைவது 0.8 வோல்ட். வோல்ட்டை நான்கு மடங்காக்கினால் கம்பியில் வீணாகும் வாட் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது.

பிஓஇ என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில், கேமராக்களின் லேன் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. 2009-இன் ஏடி தரத்தில் 30-க்கு 25.5. சாதாரண புல்லட், டோம் கேமராவுக்கு ஏஎஃப் தாராளம். சுழலும் பிடிஇசட் கேமராவுக்கு ஏடி பாருங்கள். இந்தத் தரத்தில் வரும் ஸ்விட்ச், எதிர்முனையில் இருப்பது பிஓஇ சாதனம்தானா என்று சோதித்த பிறகே கரன்ட்டை விடும். பாசிவ் பிஓஇ என்ற பெயரில் வருவது எதையும் கேட்காமல் கரன்ட்டைத் தள்ளும். அதில் தவறுதலாக லேப்டாப்பைச் செருகினால் லேன் போர்ட் போய்விடலாம். கறுப்பும் மஞ்சளுமாக ஜோடியாக விற்கும் சின்ன ஸ்பிளிட்டர் வயர்கள் வேறு. அவற்றில் பெரும்பாலானவை வெறும் 12 வோல்ட்டை நீல, பிரவுன் ஜோடிகளில் ஏற்றி அனுப்புபவை. 25, 30 மீட்டர் வரை ஓடும். அதற்கு மேல் முதல் பத்தியில் சொன்ன கதைதான்.

இனி செம்பு. கடையில் "ப்யூர் காப்பர் சார்" என்று சொல்லாத கேபிள் கிடையாது. பெட்டியில் இருக்கும் எழுத்தை நம்பாமல் தூக்கிப் பாருங்கள். 305 மீட்டர் கேட்6 பெட்டியில், 23 ஏடபிள்யூஜி எட்டுக் கம்பிகள் முழுச் செம்பாக இருந்தால், செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும். அதே தடிமனில் சிசிஏ என்றால் உலோகம் இரண்டேகால் கிலோவைத் தாண்டாது. உறை, பெட்டி எடை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் கையிலேயே தெரியும். அடுத்தது பிளேடு. ஒரு கம்பியின் மேல்தோலைச் சுரண்டுங்கள். செம்பு எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம். சிசிஏ இரண்டாவது இழுப்பிலேயே வெள்ளையாகப் பல்லைக் காட்டும். வெட்டிய முனையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கட்டர் அழுத்தும்போது மேல் முலாம் முனையில் இழுபட்டு மூடியிருக்கும். லைட்டர் சோதனையும் உண்டு. பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு வெற்றுக் கம்பியை நெருப்பில் காட்டினால் செம்பு சிவந்து நிற்கும், சிசிஏ தொய்ந்து அறுந்து விழும்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது மல்டிமீட்டர். புதுப் பெட்டியைத் திறந்தால் மறுமுனை வெளிச்சுற்றில் கிடைக்கும். அந்த முனையில் நீல ஜோடியின் இரண்டு கம்பிகளையும் உரித்து முறுக்கிச் சேருங்கள். இந்த முனையில் அதே இரண்டு கம்பிகளுக்கு நடுவே 200 ஓம் வரிசையில் அளவிடுங்கள். 305 மீட்டர், 23 ஏடபிள்யூஜி, முழுச் செம்பு என்றால் 40-இலிருந்து 43 ஓம் வரும். 24 ஏடபிள்யூஜி கேட்5இ என்றால் 51-ஐ ஒட்டி வரும். கேட்6 என்று வாங்கியது 60-ஐத் தாண்டினால் உள்ளே அலுமினியம் இருக்கிறது, இல்லாவிட்டால் கம்பி சொன்ன தடிமனில் இல்லை. எதுவானாலும் திருப்பிக் கொடுக்கலாம். ஜோடிக்கு ஜோடி முறுக்கு மாறுவதால் ஓரிரு ஓம் வேறுபடும், அது பழுதல்ல.

சிசிஏ போட்டால் உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் அதன் ஆபத்து. லேன் பிளக்கான ஆர்ஜே45-இன் உலோகப் பின்கள் கம்பியைக் கடிக்கும்போது மெல்லிய முலாம் கிழிந்து அலுமினியம் காற்றைப் பார்க்கும். அங்கே ஆக்சைடு படிந்து தொடுதடை மெல்ல ஏறும். கொஞ்ச காலம் கழித்து ஒரு கேமரா காரணமே இல்லாமல் போய்ப் போய் வரும். பிளக்கை ஆட்டினால் சரியாகும், இரண்டு நாளில் மறுபடி போகும். வளைத்த இடத்தில் கம்பி முறியவும் செய்யும். லேன் கேபிளுக்கான சர்வதேசத் தரங்கள் எதுவும் சிசிஏ-வை ஏற்பதில்லை. உறையில் கேட்6 என்று அச்சடிப்பதே பொய்தான்.

அனலாக் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. எச்டி அனலாக் சிக்னல் நல்ல கோஆக்ஸில் 200 மீட்டர் கூடப் போகும். முதலில் சாவது கரன்ட். தூரத்துக் கேமராவுக்கு மட்டும் தனியாக 1 சதுர மிமீ டூ கோர் வயரோ, கேமரா பக்கத்திலேயே ஒரு அடாப்டரோ கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் அடாப்டர் வேறு இடத்து எர்த்தைத் தொட்டால் படத்தில் கிடைக்கோடுகள் மெல்ல மேலே நகர ஆரம்பிக்கும். இரண்டு எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டால் கோஆக்ஸின் வலை வழியே கரன்ட் ஓடுகிறது என்று அர்த்தம். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் நிற்கும். வீட்டில் மிச்சமிருக்கும் டிடிஎச் கேபிளைக் கேமராவுக்கு இழுக்க வேண்டாம். அந்த ஆர்ஜி6-இல் பெரும்பாலும் நடுக்கம்பி செம்பு முலாம் பூசிய எஃகு. டிஷ்ஷிலிருந்து வரும் 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலை கம்பியின் மேல்தோலிலேயே ஓடிவிடுவதால் அங்கே குறை தெரியாது. கேமரா சிக்னலின் தாழ்ந்த அலைகள் எஃகுக்குள் புகுந்து தேய்ந்துபோகும்.

வெயில் விஷயத்தில் நம் ஊரில் சமரசமே கூடாது. கடையில் எடுத்ததும் கையில் கொடுக்கும் சாம்பல் நிறப் பிவிசி உறைக் கேபிள் வீட்டுக்குள் போடுவதற்கானது. மொட்டை மாடி கைப்பிடிச்சுவர் மேல் அதைப் படுக்கப் போட்டால் சில கோடைகளில் உறை வெளிறி, விறைத்து, வளைவுகளில் வெடிக்கும். வெடிப்பில் புகும் மழைநீர் கேபிளுக்குள்ளேயே வழிந்து கீழே படத்தைப் பதிவு செய்யும் என்விஆர் வரை வந்து சொட்டியதும் உண்டு. வெளியே கறுப்பு பாலிஎத்திலீன் உறை, யூவி தாங்கும் என்று போட்டது, வேண்டும். மண்ணுக்குள் போவதானால் ஜெல் நிரப்பியது, அதுவும் பைப்புக்குள். அணிலும் எலியும் எந்த உறையையும் விட்டுவைக்காது. தென்னையும் மாமரமும் உரசும் சுவரில் கெட்டியான பிவிசி பைப், பால்ஸ் சீலிங்குக்குள் ஜிஐ ஃப்ளெக்சிபிள் பைப், இதைவிடச் சுலபமான வழி இல்லை.

தண்ணீர் புகுந்து கெடுக்கும் இன்னொரு இடம் கேமராவின் வாலும் கேபிளும் சேரும் ஆர்ஜே45. பிஓஇ-யில் அங்கே எப்போதும் 48 வோல்ட் டிசி நிற்கிறது. ஈரம் பட்டால் மின்பகுப்பு நடக்கும். பாசிட்டிவ் பக்கத்துப் பின்கள் முதலில் பச்சை பூத்துக் கரையும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் வேகமாகச் செய்யும். கேமரா பெட்டியில் மூன்று துண்டாக ஒரு பிளாஸ்டிக் மூடி, ரப்பர் வளையத்தோடு வரும். பாதிப் பேர் அதைக் குப்பையில் போடுகிறார்கள். மீதிப் பேர் கிரிம்ப் பண்ணி, அதாவது பிளக்கைக் கம்பியில் அழுத்திப் பொருத்தி, முடித்த பிறகு அதை எடுத்துப் பார்த்து, பிளக் நுழையவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் மூடியைக் கேபிளில் கோர்த்துவிட்டு அப்புறம்தான் கிரிம்ப். மூடியோடு சேர்த்து இணைப்பை ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். கேபிள் பாக்ஸின் அடிப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். மேல், பக்கத் துளைகளை சிலிகானால் அடைத்து, அடியில் ஒரு சின்னத் துளையை மட்டும் திறந்து விடுங்கள். உள்ளே வேர்க்கும் நீருக்கு வழி வேண்டும்.

பைப் அளவைக் கஞ்சத்தனமாக எடுக்கக் கூடாது. 20 மிமீ பைப்பில் மூன்று கேட்6, 25 மிமீ பைப்பில் ஐந்து, அதோடு நிறுத்துங்கள். எல்போ வேண்டாம், நீள பெண்ட் போடுங்கள். இரண்டு பெண்டுக்கு ஒரு பாக்ஸ் இருந்தால் இழுப்பது சுலபம். இழுக்கும் விசை 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது, சுமார் 11 கிலோ எடையைத் தூக்கும் பலம். வரவில்லை என்று இரண்டு பேர் சேர்ந்து தொங்கினால் கம்பி உள்ளுக்குள்ளேயே நீண்டு மெலியும், முறுக்கு குலையும். கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் கேமரா கேபிளைச் சேர்த்து இழுப்பது படத்துக்கும் கெடுதல், உயிருக்கும் ஆபத்து. பக்கத்தில் ஓடினால் ஒரு அடி இடைவெளி, குறுக்கே போக நேர்ந்தால் நேர் செங்குத்தாக. மோட்டார் லைன், லிஃப்ட் லைன் பக்கம் இன்னும் தள்ளியே போகட்டும்.

கிரிம்பிங்கில் ஒரு பழுது இருக்கிறது, அது டெஸ்டரை ஏமாற்றும். வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். சிலர் இது எதற்கு வம்பு என்று ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று வரிசையாகச் செருகிவிடுவார்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு ஒழுங்காக எரியும். "எல்லா லைட்டும் எரியுதே அண்ணே!" எரியத்தான் செய்யும், டெஸ்டர் பார்ப்பது தொடர்ச்சியை மட்டும். ஆனால் 100 மெகாபிட் லைன் 1-2, 3-6 என்ற ஜோடிகளில் ஓடுகிறது. இந்த வரிசையில் 3-ஆம் பின் பச்சை ஜோடியிலும் 6-ஆம் பின் நீல ஜோடியிலும் போய் உட்கார்ந்துவிடும். ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரு கம்பிகள் பக்கத்து ஜோடியின் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். 10 மீட்டரில் தெரியாது, 50 மீட்டரில் படம் உறைந்து உறைந்து வரும். பிளக்குக்கு வெளியே முறுக்கை 13 மிமீக்கு மேல் பிரிக்க வேண்டாம். 23 ஏடபிள்யூஜி கம்பிக்குக் கேட்6 பிளக்கே வாங்குங்கள். கேட்5இ பிளக்கின் துளை அதற்குச் சிறியது.

தூர வரம்பு 100 மீட்டர். சுவருக்குள் 90, இரு முனைப் பேட்ச் கார்டுகளுக்கு 10. அதைத் தாண்டினால் பல பிஓஇ ஸ்விட்சுகளில் எக்ஸ்டெண்ட் என்று ஒரு பொத்தான் உண்டு. போர்ட்டை 10 மெகாபிட்டுக்கு இறக்கி 250 மீட்டர் வரை இழுக்கும் என்பார்கள். ஒரு கேமராவுக்கு 10 மெகாபிட் போதும்தான், ஆனால் அந்த 250 முழுச் செம்புக்கு மட்டும் சொன்னது. நடுவில் பிஓஇ எக்ஸ்டெண்டர் ஒன்று வைப்பது அதைவிட நிம்மதி.

தோப்பு மோட்டார் ரூம் 300 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், இரண்டு தனிக் கட்டிடங்களுக்கு நடுவே இழுக்க வேண்டும் என்றால், செம்பை மறந்துவிட்டு ஃபைபர் போடுங்கள். தூரம் மட்டும் காரணமில்லை. இடி இறங்கும் ஐப்பசி மாதத்தில் இரண்டு கட்டிடத்து எர்த்துக்கும் இடையே ஏறும் மின்னழுத்தம் செம்புக் கம்பி வழியே பாய்ந்து என்விஆரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கண்ணாடி இழைக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டு இன்டர்நெட்டுக்கு இழுக்கும் தட்டையான எஃப்டிடிஎச் டிராப் கேபிளே போதும், தாங்கும் கம்பியோடு வருவதைத் தூணுக்குத் தூண் கட்டலாம். அந்த எஃகுக் கம்பியை மட்டும் வெளிச்சுவரோடு நிறுத்திவிட வேண்டும், உள்ளே கொண்டுவந்தால் மின்னலுக்கு நாமே வழி போட்டது போலாகும். இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷின் இப்போது சிறு ஊர்களில்கூட கேபிள் டிவி ஆபரேட்டரிடம் இருக்கிறது.

அவர் கொண்டுவரும் பிக்டெய்லின் (ஒரு பக்கம் பிளக் வைத்த சின்ன ஃபைபர் துண்டு) முனை பெரும்பாலும் பச்சையாக இருக்கும். அது ஏபிசி, முனை 8 டிகிரி சாய்த்துத் தீட்டியது. ஒளியை லேன் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரில் இருப்பது வழக்கமாக நீல யுபிசி, நேர் முனை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும், ஆனால் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், லிங்க் விளக்கு வந்தும் வராமலும் கண் சிமிட்டும். நீல பிக்டெய்ல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒற்றை இழை கன்வெர்ட்டர் என்றால் ஒரு முனைக்கு 1310 நானோமீட்டர் ஒளி அனுப்பி 1550 வாங்குவது, மறுமுனைக்கு 1550 அனுப்பி 1310 வாங்குவது, ஏ-யும் பி-யும் ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டு ஏ வாங்கி வந்தால் எத்தனை நாள் பார்த்தாலும் லிங்க் வராது. தோப்புப் பக்கம் கரன்ட் போய் வரும் இடம் என்பதால் கன்வெர்ட்டருக்கும் கேமராவுக்கும் சேர்த்து ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கணக்கில் இருக்கட்டும்.

எவ்வளவு வாங்குவது? இரண்டு மாடி வீடு, நான்கு கேமரா என்றால் வாசல் கேட் 22 மீட்டர், கார் நிறுத்தும் இடம் 15, பின்பக்கம் 18, மாடிப்படி 25, ஆக 80. சுவர் ஏறி இறங்குவதற்கும், கேமரா பக்கம் ஒரு மீட்டர், என்விஆர் பக்கம் இரண்டு மீட்டர் உபரி விடுவதற்கும் சேர்த்து 100 மீட்டர். இதற்கு 305 மீட்டர் பெட்டி வேண்டாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வெட்டித் தந்தது சரியான அளவா என்று உறையைப் பார்த்தாலே தெரியும், பெரும்பாலான கேபிள்களில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரு முனை எண்ணையும் குறித்துக்கொண்டால் கழித்தால் நீளம் வந்துவிடும். பிறகு பழுது பார்க்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பைப்பை மூடிப் பூசுவதற்கு முன், ராத்திரி எட்டு மணிக்கு எல்லா கேமராவையும் ஐஆரோடு ஓடவிட்டு என்விஆரின் பிஓஇ பக்கத்தில் போர்ட்டுக்கு எத்தனை வாட் போகிறது என்று பாருங்கள். லேப்டாப்பிலிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் ஆயிரம் பிங் (பதில் கேட்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்புங்கள். ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஏதாவது தவறினால் அந்தக் கேபிளின் இரண்டு பிளக்கையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் பண்ணி மறுபடி பாருங்கள். அப்போதும் தவறினால் கேபிளையே மாற்றுங்கள், பூச்சுக்காரர் மறுநாள் காலையில்தான் வருவார்.